அப்பாவுக்கு ஒரு டப்பா

ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா கீழே விழுந்தார்.

பதறாதீர்கள். அப்பா 2019-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். விழுந்தது சுவரில் மாட்டியிருந்த அவருடைய ஃபிரேம். 'டமால்' என்று ஒரு சத்தம். பிறகு கண்ணாடி சிதறும் சத்தம். அதற்கும் பிறகு அம்மாவின் குரல்.

"டேய்... அப்பா இறங்கி வந்துட்டார்டா!"

குரலில் பயமே இல்லை. 'காபி போடட்டுமா?' என்று அடுத்து அவரிடம் கேட்டுவிடுவாளோ என்றுதான் எனக்குப் பயம்.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் 3, 4 தேதிகளில் சென்னையை நனைத்துப் பிழிந்துவிட்டுப் போய் ஒரு வாரம் இருக்கும். எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்து, படகும் வலையும் கறுத்துப்போய்க் கிடந்த சமயம். திருவொற்றியூரில் எங்கள் வீட்டுச் சுவர் தண்ணீரைக் குடித்துக் குடித்து, கை வைத்தால் ஜில்லென்று இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். அம்மாவின் தலையணைக்கு ஒரு சாண் தள்ளி, ஓர் இரும்புக் கொக்கி கூர்முனை மேலே பார்க்கக் கிடந்தது.

ஒரு சாண். அவ்வளவுதான்.

அந்தக் கொக்கியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மூட்டையைக் கையால் பிடித்து இழுக்க முடியாது. கொக்கியைக் குத்தி, இழுத்து, முதுகில் ஏற்ற வேண்டும். மரக் கைப்பிடி, வளைந்த இரும்பு. அப்பாவின் உள்ளங்கை தேய்த்துத் தேய்த்து அந்தக் கைப்பிடி பள்ளிக்கூட பெஞ்ச் மாதிரி வழவழவென்று இருக்கும். 1983-ல் மெட்ராஸ் துறைமுகத்தில் கன்டெய்னர் டெர்மினல் வந்தது. சரக்கெல்லாம் இரும்புப் பெட்டிக்குள் போகப் போக, கொக்கிக்கு வேலை குறைந்தது. கடைசியில் அது வீட்டுக்கே வந்து, பரண்மேல் இருக்கும் சாமான் மூட்டையை இழுத்து இறக்கும் உத்தியோகத்தில் அமர்ந்தது.

அப்பா போன பிறகு நான் வழக்கம்போல் போட்டோவைப் பெரிதாக்கி, சந்தன மாலை போட்டு, சீரியல் பல்பு சுற்றலாம் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"போட்டோ எல்லார் வீட்லயும்தான் இருக்கு. அந்த மனுஷன் போட்டோ எடுக்கும்போது மூஞ்சியை உர்ர்னு வச்சுக்கிட்டார். கொக்கியை மாட்டு. பாஸை மாட்டு. அந்தப் பித்தளை டோக்கனையும் மாட்டு."

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். போட்டோவுக்குப் போடும் சட்டம் முக்கால் அங்குல ஆழம் இருந்தால் போதும். கொக்கி உள்ளே உட்கார வேண்டுமென்றால் 4 அங்குலம் வேண்டும். தஞ்சாவூர்ப் படம் பார்த்திருப்பீர்கள். சுண்ணப்பொடிப் பூச்சில் மேடு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டிய படம். கண்ணாடி அந்தக் கல்மேல் இடிக்கக் கூடாது என்பதற்காக அதற்கும் சட்டத்தைக் கொஞ்சம் ஆழமாகத்தான் போடுவார்கள். ஆனால் கிருஷ்ணர் வைத்திருப்பது வெண்ணெய். எங்கள் அப்பா வைத்திருந்தது கொக்கி. ஆழம் கூடுதல்.

ஒரு கடையில் ஆர்டர் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். தங்கக் கலர் காகிதம் ஒட்டிய எம்.டி.எஃப். சட்டம், 24-க்கு 18 அங்குலம், 4 அங்குல ஆழம். ஜோராகத்தான் இருந்தது, நாலு வருஷம்.

விழுந்த மறுநாள் காலையில் போஸ்ட்மார்ட்டம் செய்தேன். கீழ்ப்பக்க இடது மூலை, பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்த மாதிரி வாயைப் பிளந்திருந்தது. உள்ளே பார்த்தால், மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தது 'வி' வடிவத்தில் ஒரே ஒரு தகரத் துண்டு. ஃபிரேம் கடைகளில் நாலு பக்கத்தையும் 45 டிகிரியில் வெட்டி, பசை தடவி, சேரும் இடத்தில் பின்பக்கமிருந்து இந்த 'வி' ஆணியை மெஷினில் அழுத்தி இறக்குவார்கள். சாதாரண போட்டோ ஃபிரேமுக்கு அதுவே தாராளம். ஆனால் 4 அங்குல ஆழம் என்பது கிட்டத்தட்ட 100 மில்லிமீட்டர். அந்த ஆணி கடிப்பது பின்பக்கம் 10 மில்லிமீட்டர். மீதி 90-க்குப் பசைதான் கதி. எம்.டி.எஃப். என்பதோ மர நாரைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை. தண்ணீர் பட்டால் ரஸ்க் மாதிரி ஊதும். காய்ந்தாலும் பழையபடி இளைக்காது. கண்ணாடியின் கனத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 24-க்கு 18, 4 மில்லிமீட்டர் தடிமன்... மூன்று கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. கொக்கி வேறு. அத்தனையும் கீழ்ச் சட்டத்தின்மேல். மூலை பிளக்காமல் என்ன செய்யும்?

"அம்மா, கொஞ்ச நாள் கட்டிலை அந்தப் பக்கம் போட்டுக்கயேன்" என்றேன்.

"முப்பத்தெட்டு வருஷம் அந்த மனுஷன் பக்கத்துலதான் படுத்தேன். இப்ப மட்டும் எதுக்கு நகரணும்? நீ அவரை ஒழுங்கா மாட்டு."

தீர்ப்பு வந்துவிட்டது. மேல்முறையீடு கிடையாது.

இனி கடைக்காரரை நம்புவதில்லை, நானே செய்வது என்று முடிவு செய்தேன். நான் சர் தியாகராயா கல்லூரியில் பி.காம். படித்தவன். பி.காம். படித்தவனால் முடியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்று பி.காம். படித்தவர்கள் நினைத்துக்கொள்வது வழக்கம்.

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில், இறக்குமதி மெஷின்கள் வந்த பெட்டிகளைப் பிரித்துப் பலகையாக விற்கிறார்கள். பைன் மரம். விலை சல்லிசு. ஒரு பலகையில் 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி எல்லாம் போட்டிருந்தது. என்னைப்போன்ற ஆசாரிகளுக்கு உபயோகமான தகவல். ஒரு ரம்பம், 45 டிகிரியில் வெட்டுவதற்குக் காடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, ஒரு ஃபெவிகால் டப்பா.

பெட்டியின் உயரம் 2 அங்குலம். என் பலகை 4 அங்குலம். பாதிக்கு மேல் ரம்பம் தன் இஷ்டத்துக்குப் போனது. கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஸ்கூட்டர்காரன் மாதிரி கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது. ரம்பம் அரை டிகிரி சாய்ந்தால் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? 100 மில்லிமீட்டர் ஆழத்தில் அரை டிகிரி என்பது கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர். ரெண்டு பலகை சேரும் இடத்தில் அது ரெண்டு மடங்கு. பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும், முன்பக்கம் இளிக்கும். ஆசாரிகள் பாஷையில் அரை நூல் சந்து.

அது உயரத்தில் வரும் தப்பு. கோணத்தில் வரும் தப்பு தனி. ஒரு ஃபிரேமுக்கு நாலு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி குறைந்தால், எட்டு அரை நாலு டிகிரி. முதல் மூணு மூலையை இழுத்துப் பிடித்து ஒட்டிவிடலாம். பெரிய வெற்றி வீரனாக நாலாவது மூலைக்கு வந்தால், அந்த நாலு டிகிரியும் அங்கே கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

உட்கார்ந்திருந்தது.

காமர்ஸ் படித்த வாசகர்களுக்கு இப்போது புரிந்திருக்கும். எட்டு என்ட்ரியிலும் சின்னச் சின்னத் தப்பு. ட்ரயல் பாலன்ஸ் டாலி ஆகவில்லை. அப்போது என்ன செய்வோம்? வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். நானும் அதையே செய்தேன். ரம்பத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து நாலாவது மூலையில் அப்பி, தேய்த்து, மேலே தேக்குக் கலர் பாலிஷ். பார்த்தால் தெரியாது. ஆடிட்டரே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆடிட்டர் சமையலறையிலிருந்து வந்தாள்.

"என்னங்க, இதுக்குக் கீழதான் அத்தை படுக்கணுமா?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"அப்ப முதல்ல ஒரு வாரம் நீங்க படுங்க."

படுத்தேன். வேறு வழி? ராத்திரி முழுக்க அந்த மூலையையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பது எப்படிப்பட்ட அனுபவம் என்பதை மார்ச் 31-ம் தேதி அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்டில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். நாலாம் நாள் பாலிஷில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. ஆறாம் நாள் காலை, மூக்கின்மேல் ஏதோ விழுந்தது. என் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்.

அப்பாவின் திவசத்துக்கு இன்னும் மூணு வாரம். அக்கா வருவாள். வந்தவுடன் சுவரைத்தான் பார்ப்பாள்.

அப்போதுதான் அம்மா ஒரு பெயரைச் சொன்னாள். காசிமேட்டில் போட் மேஸ்திரி ஒருவர், அப்பாவுக்குப் பழக்கமானவர். மர விசைப்படகு கட்டியவர். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் போட்டுகள் பெருகிவிட, மரவேலை குறைந்து, இப்போது பழைய படகு ரிப்பேர், கதவு, பெஞ்ச் என்று காலம் ஓட்டுகிறார். பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எழுதினால் ஆளாளுக்கு ஸ்டூல் ரிப்பேருக்கு வந்துவிடுவார்களாம்.

என் ஃபிரேமைக் கையில் வாங்கினார். திருப்பினார். அந்த மூலையைக் கட்டை விரலால் ஒரு தள்ளுதான் தள்ளினார். விட்டுப் பிரிந்தது.

"இன்னா தம்பி, இப்டி வாய் பொளந்துக்கினு கீது?"

"45 டிகிரி கரெக்டா வரல மேஸ்திரி."

"வந்தாலும் பொளக்கும். ஈர மரம் இது. மழைல நனைஞ்ச பலகைய வாங்கியாந்து அறுத்துக்கீற. மரம் நீட்டுவாக்குல ஏறாது, எறங்காது. அகலத்துல ஏறும், எறங்கும். காஞ்சா அகலம் கொறையும், நீளம் அப்டியே இருக்கும். அப்போ நீ வெட்ன நாப்பத்தஞ்சு நாப்பத்தஞ்சாவா இருக்கும்?"

யோசித்துப் பாருங்கள், மனிதர் சொல்வது ஜியோமெட்ரி. அகலம் குறைந்து நீளம் குறையாவிட்டால் சாய்வுக் கோணம் மாறித்தான் ஆக வேண்டும். காய்ந்தால் மூலையின் உள்பக்கம் இளிக்கும். ஈரத்தில் ஊறினால் வெளிப்பக்கம் இளிக்கும். வெட்டும் தினத்தன்று கோணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த ஊர்க் காற்றுக்கு அது கட்டுப்படாது. சட்டம் அகலமாக ஆக, இளிப்பும் கூடும்.

"பசை?" என்றேன். கால் டப்பா ஃபெவிகால் செலவழித்தவன் ஆயிற்றே.

"வெட்ன மூஞ்சி வைக்கோல் கட்டு மாரி. அத்தினியும் குழாய். ஊத்துற பசைய உறிஞ்சிக்கும். மொதல்ல தண்ணியா ஒரு கை தடவி, அது உறிஞ்சட்டும்னு வுட்டு, அப்பால ரெண்டாவது கை போடணும். அப்டியே போட்டாலும், நாலு இஞ்சு ஆழத்துக்குப் பசைய மட்டும் நம்பாத."

"எல் ஆங்கிள் வச்சு ஸ்க்ரூ போட்டா?"

தலையைத் திருப்பிக் கடலைக் காட்டினார். பத்தடியில் அலை. உப்புக் காற்று. இரும்பு ஆங்கிள் துருப்பிடித்து, ஸ்க்ரூ துளை பெரிதாகி, மறுபடியும் ராத்திரி ரெண்டு மணி.

அப்புறம் வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்ல, தரையில் கிடந்த பலகைத் துண்டில் பென்சிலால் போட்டும் காட்டினார். 45 டிகிரிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஒட்டிக் காய்ந்த பிறகு, மூலையின் வெளிப்பக்கமிருந்து குறுக்கே ரம்பத்தால் கீறி, அந்தக் கீறலில் மெல்லிய மரச் சில்லைப் பசை போட்டுச் செருக வேண்டும். சில்லின் நார் மூலையைத் தாண்டி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓட வேண்டும். சாதா ஃபிரேமுக்கு ஒன்று போதும். 4 அங்குல ஆழத்துக்கு மேலே, நடுவே, கீழே என்று மூலைக்கு மூன்றாவது வேண்டும். உள்பக்கம் முக்கோணக் கட்டை வைத்து ஒட்டுவது இன்னொரு வழி. கொக்கி இருக்கும் பெட்டியில் அது கண்ணுக்குத் தெரியும், அசிங்கம்.

"நீ எதுக்கு இத்த ஃபிரேம்னு நெனைக்கிற?" என்று திடீரென்று கேட்டார். "இது ஃபிரேம் இல்ல தம்பி. டப்பா. டப்பாவ டப்பாவா செய். மூஞ்சிக்கு மட்டும் பவுடர் போடு."

நான் வாயைத் திறந்தபடி நின்றேன், என் நாலாவது மூலையைப்போல.

அவர் சொன்னது இதுதான். பலம் ஒரு வேலை, அழகு ஒரு வேலை. ரெண்டையும் ஒரே 45 டிகிரி வெட்டின் தலையில் கட்டினதால்தான் வம்பு. முதலில் நாலு பலகையில் ஒரு பெட்டி. அதன் மூலைகளில் 45 டிகிரியே கிடையாது. ரெண்டு கை விரல்களையும் கோத்துக்கொள்கிற மாதிரி, ஒரு பலகையின் நுனியில் பல் பல்லாக வெட்டி, அடுத்ததன் இடைவெளிகளில் செருகுவது. பசை பிடிக்கும் பரப்பும் பல மடங்கு கூடும். கண்ணாடியும் கொக்கியும் பெட்டியின் கீழ்ப்பலகைமேல் கனத்தை இறக்கும்போது பற்கள் தாங்கும். நாலு பலகைக்கும் நார் பெட்டியைச் சுற்றியே ஓடுவதால், மழைக்காலத்தில் நாலும் ஒன்றாக ஊதும், கோடையில் நாலும் ஒன்றாக இளைக்கும். சண்டை இல்லாத கூட்டுக் குடும்பம். அதன் முகத்தில் அரையே அரைக்கால் அங்குல அகலத்துக்கு ஒரு மெல்லிய பீடிங். அதற்குத்தான் 45 டிகிரி. இவ்வளவு ஒல்லியான சட்டம் ஏறி இறங்கினாலும் சந்து கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் எதுவும் விழாது. ஏனென்றால் அது எதையும் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்ததில் ஒரு சமாசாரம் கிடைத்தது. இத்தாலியில் 15, 16-ம் நூற்றாண்டுகளில் படங்களுக்கு ஒருவகைச் சட்டம் போட்டிருக்கிறார்கள். அடியில் பாதிப் பாதி வெட்டி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்த முரட்டுச் சட்டம். அதன்மேல் 45 டிகிரியில் வெட்டிய அலங்காரப் பட்டைகள். கீழே பலம், மேலே அழகு. அதற்குப் பெயர் 'கசெட்டா'. அர்த்தம் என்ன தெரியுமா? சின்னப் பெட்டி. அதாவது, டப்பா! மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். "அவனுக்கும் தெரிஞ்சுக்கீது" என்றார் சாவகாசமாக.

இந்தக் கரையில் இணைப்பு சாஸ்திரம் புதிதில்லை. மெட்ராசுக்குத் துறைமுகம் வருவதற்கு முன்னால், கப்பல்கள் தூரக் கடலிலேயே நிற்கும். ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை மசூலா படகுகள். அந்தப் படகின் பலகைகளை ஆணியால் அடிக்கவில்லை; தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தார்கள். ஆணி அடித்த விறைப்பான படகு தரையில் மோதினால் உடையும். தைத்த படகு கொஞ்சம் வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்ப நிமிரும். வெள்ளைக்கார துரைமார்கள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியது அதில்தான். பிற்பாடு ஆணி அடித்த படகு வந்தும், பலகைச் சந்துகளில் பஞ்சையோ நாரையோ திணித்துக் கலப்பத்து பார்க்கும் வேலை இருந்தது. மேஸ்திரி சின்ன வயதில் அதில்தான் ஆரம்பித்தாராம். எங்கே இறுக்கணும், எங்கே விட்டுப் பிடிக்கணும் என்று தெரிந்த கை.

இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய தேக்கு நிலைச் சட்டம் ஒன்று வைத்திருந்தார். "இது ஏற வேண்டியதெல்லாம் ஏறி, எறங்க வேண்டியதெல்லாம் எறங்கி முடிச்சுட்ட மரம்." முக்கால் அங்குலப் பலகையாக அறுத்து, இழைத்து, பல் வெட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். சுண்டு விரல் அளவுக்கு ஆறு பல். உளி இறங்கும் இடத்தில் பென்சில் கோடு பாதி மிச்சம் இருக்க வேண்டுமாம். கோட்டையே தின்றால் லூஸ்.

பசை போட்டு இறுக்குவதற்கு என்னிடம் கிளாம்ப் இல்லை, அவரிடமும் இல்லை. வலை கட்டும் நைலான் கயிற்றைப் பெட்டியைச் சுற்றி ரெண்டு சுற்று சுற்றி முடிந்தார். மூலைகளில் கயிறு பதியாமல் இருக்க அட்டைத் துண்டு. கயிற்றுக்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினார். முறுக்க முறுக்க நாலு மூலையும் ஒரே சமயத்தில் இறுகி, பசை முத்து முத்தாக வெளியே வந்தது. உடனே இன்னொரு நூலை எடுத்து, மூலைக்கு மூலை குறுக்காக அளந்தார். ரெண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் பெட்டி சதுரமாக நிற்கிறது என்று அர்த்தம். ஒன்று ஒரு நூல் அதிகம். அந்த மூலையில் ஒரு தட்டு. மறுபடி அளந்தார். சரி. ஒரு நாள் முழுக்கத் தொடாதே என்றார்.

மறுநாள் பீடிங். எட்டு வெட்டு பற்றி நான் நடுங்கிக்கொண்டிருக்க, அவர் போட்டது நாலே வெட்டு. ரெண்டு பட்டைகளை மூலைமட்டம் வைத்து ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்தார். மேலிருந்து கீழே ஒரே அறுப்பு. ரெண்டும் சேர்ந்து வெட்டுப்பட்டன. வெட்டு 45-க்குப் பதில் 46-ல் போயிருந்தால்? ஒன்று 46, மற்றது 44. கூட்டினால் 90! ஒட்டினால் மூச்சு போகிற சந்துகூட இல்லை.

கல்லூரியில் இதைத்தான் 'காம்பென்சேட்டிங் எரர்' என்று ஒரு பீரியடு முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் ஒரு நல்ல காரியம் நடக்கும் என்று எந்தப் புரொபசரும் சொல்லவில்லை.

பீடிங்கின் உதடு கண்ணாடியைப் பிடித்தது. அதன் பின்னால் ஒல்லி ரீப்பர், அதற்கும் பின்னால் பிளைவுட் முதுகு. அதை ஆணி அடிக்காமல், பித்தளை ஸ்க்ரூ போட்டார். "உங்கம்மா என்னிக்காவது அந்தக் கொக்கியத் தொட்டுப் பாக்கணும்னு கேப்பாங்க. அப்போ ஒடைப்பியா?" இது எனக்குத் தோன்றவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

மொத்தம் ஆறு கிலோவைத் தாண்டியது. கயிறு கட்டித் தொங்கவிடாமல், நீளமான ஒரு சட்டத்தை 45 டிகிரியில் இரண்டாகப் பிளந்து, ஒன்றைச் சுவரிலும் ஒன்றைப் பெட்டியின் முதுகிலும் திருகச் சொன்னார். ஒன்றின் சாய்வை மற்றது கவ்விக்கொள்ளும். கனம் கூடக் கூடப் பிடி இறுகும்.

"எவ்வளவு மேஸ்திரி?"

"உங்க நைனாகிட்ட வாங்குவனா? நீ கணக்குப் புள்ளதானே? இத்தப் பாரு" என்று ஒரு நோட்டை நீட்டினார். சம்சாரம் நடத்தும் சீட்டுக் கணக்கு. மூணு மாசமாக 1,500 ரூபாய் இடிக்கிறதாம். வீட்டில் பேச்சுவார்த்தை இல்லையாம். புரட்டினேன். தள்ளுபடி போக வர வேண்டிய தொகையை ஒரு மாசம் ரெண்டு பக்கத்திலும் எழுதியிருந்தார்கள். பத்து நிமிஷ வேலை. அந்தம்மா உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தார். மேஸ்திரிக்கும் ஒரு டம்ளர் வந்தது. மூணு மாசத்துக்கு அப்புறமாம்.

டப்பா வீட்டுக்கு வந்தது. ஷேர் ஆட்டோவில் அதற்கு ஒரு சீட் காசு தனியாகக் கொடுத்தேன். கொக்கி, டோக்கன், பாஸ். அம்மா கிட்டே வந்து பார்த்தாள். கண்ணாடியில் மூச்சு படிகிற அளவு கிட்டே. ஒன்றும் சொல்லவில்லை. மூலைகளை மட்டும் ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். நாலாவது மூலையில் கொஞ்சம் கூடுதல் நேரம்.

என் ஆடிட்டர் ஸ்டூல் போட்டு ஏறி, டப்பாவின்மேல் கையை ஊன்றி அழுத்திப் பார்த்து, 'அன்குவாலிஃபைட்' ரிப்போர்ட் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரியே அம்மா பழைய இடத்துக்கு மாறினாள்.

திவசத்துக்கு வந்த அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்னடா இது?" என்றாள்.

நான் பெருமையாக, விரல் கோத்த மூலை, பழைய தேக்கு, இத்தாலி என்று ஆரம்பித்தேன்.

"அதில்லடா. அப்பா தலையில எதுக்கு அமிர்தாஞ்சன் டப்பா?"

அப்போதுதான் பார்த்தேன். 4 அங்குல ஆழம் என்றால், மேலே 4 அங்குல அகலத்துக்கு அருமையான ஷெல்ஃப் என்று அம்மா கண்டுபிடித்திருக்கிறாள். அமிர்தாஞ்சன், மூக்குக்கண்ணாடி, டி.வி. ரிமோட், நேற்றைய பால் கார்டு.

"கைக்கு எட்டுற மாதிரி இருக்குடா" என்றாள் அம்மா. "அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். எவ்வளவு மூட்டை தூக்கினவர்!"